ரத்த வகை

அத்தியாயம் 9

'ரத்த வகை' என்ற கட்டத்தில் 'பி பாசிட்டிவ்' என்று எழுதி முடித்த பிறகுதான் அவள் மருத்துவ அறிக்கையைப் பிரித்துப் பார்த்தாள்.

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கணவனின் ரத்த வகை அவளுக்கு மனப்பாடம். எட்டு வருடங்களுக்கு முன்பு மகளைப் பெற்றபோது அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டது, அவன்தான் கொடுத்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. ஆனாலும் பார்த்தாள். அச்சகத்தில் பதினோரு வருடமாகப் பிழை திருத்துகிறவள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிடாமல் பேனாவை மூடி அவளுக்குப் பழக்கமில்லை.

அறிக்கையில் 'ஓ பாசிட்டிவ்' என்று இருந்தது.

அவள் கணவன், பட்டறை வெல்டர், வெளிநாட்டுக் கப்பல் கட்டும் யார்டுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போவதாக முடிவாகி மூன்று வாரம் ஆகிறது. அந்த முடிவுக்கு வருவதற்குள் இந்த வீட்டில் எத்தனை நாள் அடுப்பு பேசாமல் எரிந்தது என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். இறங்கி வந்ததோடு நிற்காமல், போகிற ஆளைப் பத்திரமாக அனுப்பி வைக்கும் வேலையையும் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இன்னும் பதினோரு நாள் இருந்தது. கட்டில் முழுக்கச் சாமான்கள். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலம், கண்ணில் பொறி பட்டால் விடுகிற சொட்டு மருந்து, தீக்காயக் களிம்பு. எதையும் உதிரியாக வைக்கக் கூடாது, பட்டையோடு, டாக்டர் சீட்டோடு வைக்க வேண்டும் என்று ஏஜென்சி கொடுத்த கையேட்டில் போட்டிருந்தது. பாஸ்போர்ட் நகல் இரண்டு. அப்புறம் அவள் இப்போது நிரப்பிக்கொண்டிருந்த, சட்டைப் பைக்குள் எப்போதும் இருக்க வேண்டிய அவசர அட்டை. மயங்கிக் கிடந்தால் முன்பின் தெரியாத ஒருவர் அதை எடுத்துப் படித்துத்தான் சிகிச்சை தொடங்குவார். அதில் ஓர் எழுத்து பிசகினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வெல்டர் முகத்தில் பாதி நுரையோடு வந்தான்.

"உங்க ரத்தம் என்ன குரூப்பு?"

"தெரியாத மாதிரி கேக்கறே. பி."

"இதுல ஓ-ன்னு இருக்கு."

அவன் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தான்.

"பிரிண்ட் மிஸ்டேக்கா இருக்கும்."

"அச்சுப்பிழை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுங்க. பி-யும் ஓ-வும் கீபோர்டுல பக்கத்துப் பக்கத்துல கூட இல்ல."

"அப்ப அவங்க வேற யாரோடதையோ பாத்து எழுதியிருப்பாங்க. ஒரு நாளைக்கு இருநூறு பேரு வர்ற இடம். விடு."

"எப்படி விடறது? போன் பண்ணிக் கேக்கறேன்."

"வேணாம்." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அவனே அதை உணர்ந்து குரலைத் தணித்துக்கொண்டான். "ஃபிட்டுன்னு சீல் குத்திக் குடுத்துட்டாங்க. இப்பப் போய்த் தோண்டிக் கேட்டா மறுபடியும் முதல்லேருந்து வரச் சொல்லுவாங்க. நீ அட்டையில பி-ன்னே எழுதிக்கோ. அதுதானே சரி."

அவன் மறுபடியும் குளியலறைக்குள் போய்விட்டான். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே வழக்கமான காலை இருமல் கேட்டது. இத்தனை வருடம் அதை வெல்டிங் புகை என்று காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தவள், இன்றைக்கு எத்தனை தடவை இருமுகிறான் என்று எண்ணினாள்.

ஏழு.

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. புது நம்பர்.

"மெடிக்கல் சென்டர்லேருந்து பேசறோம். சார் லைன் கிடைக்கல. ரெண்டாவது நம்பரா இது குடுத்திருக்கீங்க. சாரோட ரத்தத்துல ஒரு அளவு கொஞ்சம் கூட இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள வந்து மறுபடியும் ஒரு சாம்பிள் குடுத்துடச் சொல்லுங்க. அது சரியா வந்தாத்தான் ஃபிட் செல்லும்."

"என்ன அளவுங்க?"

"அது ரிப்போர்ட்லயே மூணாம் பக்கத்துல இருக்கும் மேடம்."

அவள் விஷயத்தைச் சொன்னதும் வெல்டரின் கை சட்டைப் பொத்தானில் அப்படியே நின்றது.

"வியாழனா? சரி. சின்னவனைக் கூட்டிட்டுப் போயிக்கறேன்."

"நான் வரேனே. அரை நாள் லீவு சொல்லிக்கலாம்."

"நீ எதுக்கு? அவன் வந்தாப் போதும்."

சின்னவன் என்பது அவனுடைய தம்பி. வெல்டரை வெளிநாட்டுக்கு அனுப்பும் அதே ஏஜென்சியில் வேன் ஓட்டுகிறான். ஆள்களைப் பரிசோதனைக்கும் விமான நிலையத்துக்கும் கொண்டுபோய் விடுவதும் திரும்பி வருகிறவர்களை ஏற்றி வருவதும் அவன் வேலை. முதல் தடவை பரிசோதனைக்கும் அண்ணனும் தம்பியும்தான் சேர்ந்து போனார்கள். அப்போது அவளுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு துளி ரத்தம் கொடுக்க இந்த மனுஷனுக்குத் தம்பி எதற்கு?

*

அச்சகத்தில் அன்றைக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தின் படிவங்கள் மேஜைக்கு வந்திருந்தன. அவள் அவற்றை ஒதுக்கிவிட்டுக் கைப்பையிலிருந்து கணவனின் அறிக்கையை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஃபிட் என்ற நீல முத்திரை. இரண்டாம் பக்கம் மார்பு எக்ஸ்-ரே, 'நுரையீரல்கள் தெளிவாக உள்ளன'. மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து வரிகள். வரிக்கு வரி ஸ்கேலை வைத்து நகர்த்திப் படித்தாள்.

கிரியாட்டினின்: 2.6. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.

படிவம் திருத்தித் திருத்தி அந்தச் சொல் அவளுக்குப் பழக்கம். அது சிறுநீரகத்தைப் பற்றியது. ஒன்று, ஒன்றேகாலுக்கு மேல் போகக் கூடாது.

இருமுகிற ஆளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறா? நுரையீரல் தெளிவாக இருக்கிறது, ரத்தமோ வேறு யாருடையதோ. எதை நம்பிப் பயப்படுவது என்றே புரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம், காகிதக் கட்டுகள் அடுக்கிய இடத்துக்குப் போனாள். காலையில் வந்த நம்பரையே கூப்பிட்டாள்.

"மேடம், சொல்லுங்க."

"ஒரு சந்தேகம். ரத்த குரூப்பு மாத்திப் போட்டிருக்குமா? இல்ல, சாம்பிளே மாறியிருக்குமா?"

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்டது.

"சான்ஸே இல்ல மேடம். இந்த சாம்பிள் நான்தான் எடுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஊசியப் பாத்தா மயக்கம் வரும், எனக்கு முன்னாடி நீங்க மயங்கிடாதீங்கன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சாரே. கையில ஸ்டியரிங் வீல் பச்சை குத்தியிருந்தாரே, அவர்தானே சார்?"

அவள் போனைக் காது மாற்றி வைத்தாள்.

"ஆமா," என்றாள். "அவர்தான்."

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வெல்டரின் உடம்பில் பொறி பட்ட தழும்புகள் உண்டு, பச்சை கிடையாது. ஸ்டியரிங் வீலைப் பச்சை குத்திக்கொண்டவன் சின்னவன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் குத்திக்கொண்டு வந்து, 'புரூஃப் அண்ணி, இதுல ஏதாவது திருத்தம் இருக்கா பாருங்க' என்று அவளிடம்தான் முதலில் நீட்டினான்.

அண்ணன் பெயரில் தம்பி உள்ளே போயிருக்கிறான். அப்படியென்றால் தன் உடம்பைக் காட்ட முடியாத காரணம் ஒன்று அண்ணனுக்கு இருக்கிறது. பத்து வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்குத் தெரியாத காரணம்.

"என்னம்மா, படிவம் முடிஞ்சுதா?" முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கேன் சார். மூலத்தைப் பாத்துட்டுச் சொல்றேன். சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும்."

*

தடுப்பூசி மையத்தில் நாலு மணிக்கு முறை. பயணம் போகிறவர்களுக்கென்று தனி வரிசை. வெல்டர் முன்பே வந்து டோக்கன் எடுத்து வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீ வர்றேன்னு சொல்லலியே."

"வரக் கூடாதா?"

"அதுக்கில்ல."

உள்ளே ஒரு பெண் டாக்டர். டைஃபாய்டுக்கு ஒன்று, மூளைக்காய்ச்சலுக்கு ஒன்று, இரண்டு ஊசி. போடுவதற்கு முன் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம்? இல்லை.

"முன்னாடி எப்பவாவது நுரையீரல் சம்பந்தமா, இல்ல வேற எதுக்காவது மாசக்கணக்குல மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?"

வெல்டர் சுவரில் ஒட்டியிருந்த கொசு படத்தைப் பார்த்தான்.

"இல்ல டாக்டர்."

டாக்டர் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவள் மட்டும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். முந்தைய கேள்விகளுக்கெல்லாம் அவன் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்.

ஊசி போட்டு முடித்ததும் நர்ஸ் வெளியே இருந்த நீள பெஞ்சைக் காட்டினாள். "அரை மணி நேரம் இங்கேயே உக்காருங்க சார். தலைசுத்தல், அரிப்பு, மூச்சு முட்டறது, ஏதாவது இருந்தா உடனே சொல்லணும். எந்திரிச்சுப் போயிடாதீங்க."

அரை மணி நேரம் இந்த மனுஷன் எழுந்து போக முடியாது. அவளுக்கு அது வசதியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு மாணவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். வேறு யாரும் இல்லை.

"சின்னவனுக்குத்தானே ஓ பாசிட்டிவ்?"

அவன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தரையைப் பார்த்தான்.

"ரத்தம் எடுத்த பொண்ணுகிட்டப் பேசிட்டேன். கையில ஸ்டியரிங் வீலாமே."

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். என்ன வியாதி உங்களுக்கு?"

"வியாதி எதுவும் இல்ல."

"வியாதி இல்லாதவர் எதுக்குத் தம்பியை உள்ள அனுப்பறாரு? சொல்லுங்க. நான் காலையிலேருந்து என்னென்னவோ நினைச்சுட்டேன். எது எதுவோ. வெளிய சொன்னா அசிங்கம். நீங்களே சொல்லிட்டா நல்லது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போயிருந்தது.

"டி.பி. இருந்துச்சு," என்றான். "இருபத்தோரு வயசுல. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். ஒரு நாள் கூட விடல. முழுசாக் குணமாயிடுச்சுன்னு எழுதியே குடுத்தாங்க. ஆனா எக்ஸ்-ரேயில தழும்பு மட்டும் இருக்கும். சாகற வரைக்கும் இருக்கும். அந்தத் தழும்பைப் பாத்தாலே அன்ஃபிட்டுன்னு குத்திடுவாங்க. குணமாச்சா இல்லியான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பட்டறையில மூணு பேருக்கு அப்படி ஆயிருக்கு."

"இருபத்தோரு வயசு."

"ம்."

"நம்ம கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்னாடி."

"ம்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்குத் தெரியும். சின்னவனுக்குத் தெரியும். அம்மா போனப்புறம் அவனுக்கு மட்டும்."

அவள் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "ஆறு மாசத்துல குணமான ஒரு வியாதியை என்கிட்டப் பத்து வருஷம் மறைச்சிருக்கீங்க."

"சொல்லியிருந்தா உங்க அப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?"

குடுத்திருக்க மாட்டார். அது அவளுக்கும் தெரியும்.

"கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லியிருக்கலாமே. குட்டி பொறந்தப்போ எனக்கு ரத்தம் குடுத்தீங்களே, அன்னிக்கு டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"டாக்டர்கிட்டச் சொன்னேன். பரவால்லன்னாரு. உன்கிட்டத்தான்…" அவன் முடிக்கவில்லை. "ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு தோணும். அப்படியே தள்ளிப் போயிடுச்சு."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. இந்த ஆளுக்கு ஒன்றுமில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் இருப்பது இவன் ரத்தமே இல்லை.

அங்கே போய் நினைப்பு முட்டி நின்றது.

"என்னங்க. அந்த மூணாம் பக்கத்தை நீங்க படிச்சீங்களா?"

"முதல் பக்கத்துல சீலு இருக்குல்ல. மத்ததை யாரு படிக்கறா?"

அவள் அறிக்கையை எடுத்து அந்த வரியைக் காட்டினாள். 2.6 என்றால் என்ன என்று சொன்னாள். வெல்டருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது பஞ்சு கையிலிருந்து கீழே விழுந்தது.

"அவனுக்கா? அவன் நல்லாத்தானே இருக்கான். நேத்துக் கூட அவ்ளோ பெரிய பெட்டியத் தூக்கி வேன்ல வச்சானே."

"ரத்தம் அவனுதுதானே?"

"நான் கேட்ட உடனே சரின்னான்," என்றான் வெல்டர் தனக்குத்தானே பேசுவது போல. "யோசிக்கக் கூட இல்ல. மாட்டிக்கிட்டா உன் வேலையும் போயிடும்டான்னு சொன்னேன். அதெல்லாம் நான் பாத்துக்கறேன்னான்."

"பாஸ்போர்ட் போட்டோவைப் பாத்து யாரும் கேக்கலியா?"

"தாடி வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான இருக்கோம். அதுவும் அவன் தினம் அந்த வாசல் வரைக்கும் வந்து போறவன். யாரும் நிமிர்ந்து கூடப் பாக்கலியாம்."

தினம் வந்து போகிறவன். வாசலில் யாருக்காவது தெரிந்திருக்கும் முகம். அப்படிப்பட்ட ஒருவன் வேறொருத்தர் பெயரில் போய் உட்கார எப்படித் துணிந்தான்? மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவன் எல்லாரையும் சிரிக்க வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளும்படியா நடந்துகொள்வான்? அவளுக்கு இது பிடிபடவில்லை.

"முப்பது நிமிஷம் ஆச்சு சார். தலைசுத்தல் இருக்கா?" நர்ஸ் வந்து நின்றாள்.

"இல்லம்மா," என்றான் வெல்டர். எழுந்தபடியே தம்பிக்கு போன் போட்டான்.

*

ஆறரைக்குச் சின்னவன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கட்டிலில் பரப்பி வைத்திருந்த மருந்துகளைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணி, அண்ணன் வெளிநாடு போறாரா, இல்ல மருந்துக்கடை வைக்கப் போறாரா?"

யாரும் சிரிக்கவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். வெல்டர் ஜன்னலோரம் நின்றான். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு தம்பி. எல்லாம் தெரிஞ்சு போச்சு. எக்ஸ்-ரேயும் தெரியும், தழும்பும் தெரியும். அதைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இதைப் பாரு."

மூன்றாம் பக்கத்தை அவன் முன்னால் வைத்தாள். அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள். இது சிறுநீரகம் சம்பந்தப்பட்டது தம்பி, பயப்படாதே, சீக்கிரம் பார்த்தால் சரியாகும்.

எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சின்னவன் குனிந்து பார்த்தான். "ரெண்டு புள்ளி ஆறா?" என்றான். "போன தடவை ரெண்டு புள்ளி ஒண்ணுதான் இருந்துச்சு."

வெல்டர் ஜன்னலை விட்டு வந்தான். "போன தடவையா?"

"நாலு மாசம் முன்னாடி, நானும் போகலாம்னுதாண்ணே இருந்தேன். அதே யார்டுல டிரைவர் வேலை. டெஸ்ட்டுல இதைச் சொல்லி அன்ஃபிட்டுன்னுட்டாங்க. உங்ககிட்ட, போகப் பிடிக்கலைன்னு சொல்லி முடிச்சுட்டேன்."

"டாக்டர்கிட்டப் போனியா?" என்றாள் அவள்.

"ரெண்டு தடவை. உப்பைக் குறைக்கணும், வலி மாத்திரை தொடக் கூடாதுன்னாரு. அப்புறம் போகல அண்ணி. போனா இன்னும் என்ன சொல்லுவாரோன்னு இருந்துச்சு."

அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மனசின் ஒரு மூலை இன்னும் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. இவனுக்கு நாலு மாதமாகத் தெரியும். தன் ரத்தம் தேறாது என்று தெரியும். தெரிந்தே அண்ணன் பெயரில் போய்க் கையை நீட்டியிருக்கிறான்.

"தேறாதுன்னு தெரிஞ்சுதானே குடுத்தே?" என்று கேட்டாள்.

வெல்டருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. இரண்டே எட்டில் வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தான்.

"என் பொழப்பைக் கெடுக்கவாடா போனே? உன்னால போக முடியலைன்னு…"

"பாத்தீங்களா அண்ணி," என்றான் சின்னவன், சட்டையை விடுவித்துக்கொள்ள முயலாமலே. "இதுக்குத்தான் சொல்லல. அந்த யார்டு வேணாம்ணேன்னு, முடிவான உடனேயே ஒரு தடவை சொன்னேன். நீ விட்டதை நான் பிடிச்சுட்டேன்னு பொறாமைப்படாதேன்னாரு. மறுபடியும் சொன்னா நம்புவாரா? அதான், அவரே வந்து கேட்டப்போ சரின்னுட்டேன். ஃபெயிலாயிட்டா, இல்ல மாட்டிக்கிட்டாக் கூட, வீட்டுலேயே இருப்பாருன்னு நினைச்சேன். இவங்க என்னடான்னா சீலைக் குத்திட்டு, மறுபடியும் வான்னு கூப்பிடறாங்க. ஆள் அவ்வளவு அவசரமாத் தேவைப்படுது போல."

"விடுங்க அவனை," என்றாள் அவள்.

வெல்டர் விட்டான்.

"அந்த யார்டுல என்ன?"

சின்னவன் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வேனின் பக்கவாட்டில் ஏஜென்சி பெயர் பெரிய எழுத்தில் தெரிந்தது.

"மூணு வாரம் முன்னாடி, ரெண்டு பேர் திரும்பி வர்றாங்க, போய் ஏத்திட்டு வான்னாங்க. ரெண்டு பேரும் வெல்டர். நான் ரெண்டு பேர் எழுதின போர்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒருத்தர்தான் வந்தாரு. சக்கர நாற்காலியில. இன்னொருத்தர் எங்கன்னு கேட்டேன். ஆபீசுல போன்ல சொன்னாங்க, அவருக்கு வேற வாசல், சரக்கு வர்ற பக்கம் போன்னு. அங்க பெட்டிதான் இருந்துச்சு."

அவள் வாசல் கதவைச் சாத்தினாள்.

"ஏதோ தொட்டிக்குள்ள வெல்டிங். காத்து இல்ல, மாஸ்க் இல்ல, வெளிய ஆளும் நிறுத்தல. நாற்காலியில வந்தவரு வழி நெடுக இதையே சொல்லிக்கிட்டு வந்தாரு. யாருகிட்டயாவது சொல்லுப்பா, இனிமே ஒருத்தரையும் அங்க அனுப்ப வேணாம்னு சொல்லுன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. மறுநாள் ஆபீசுல கேட்டா, அப்படி ஒண்ணும் நடக்கல, அவங்க ரெண்டு பேரும் ரோட்டுல அடிபட்டவங்கன்னு சொல்றாங்க."

"நீ சொல்றதுதான் நிஜம்னு எப்படித் தெரியும்?" வெல்டரின் குரலில் பழைய வேகம் இல்லை. ஆனால் கேட்டான்.

அவளுக்கும் அதே கேள்விதான். இன்றைக்கு ஒரு நாளில் இந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் அவளிடம் மறைத்ததைக் கணக்குப் பார்த்தால், யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

"அவரு நம்பர் இருக்கா?"

"இருக்கு அண்ணி. எழுதிக் குடுத்தாரு. ஆனா நான் இதுவரைக்கும் கூப்பிடல."

"இப்பக் கூப்பிடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை. அப்புறம் இன்னொண்ணு. வியாழக்கிழமை அந்த சென்டருக்கு யாரும் போகப் போறதில்ல. அன்னிக்கு நீ என்கூடப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்றே. உன் பேர்ல, உன் ரத்தத்தைக் குடுக்கறே. சரியா?"

சின்னவன் தலையை ஆட்டினான். பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுத் தாளை எடுத்தான். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். போனை மேஜை மேல், அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

மணி போனது. ஒன்று, இரண்டு, மூன்று. வெல்டர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

ஐந்தாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். இவர்கள் யாரும் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். பேசிப் பேசித் தேய்ந்த குரல்.

"ஏஜென்சிதானே? நீங்க சொன்ன எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சுங்க. என் வீட்டுக்காரரும் யாருகிட்டயும் பேசறதில்ல. நாங்க வாயையே திறக்கல. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."